ஒளி நகர்ந்தால் எண் கூடும்: டெக்கட்ரான் குழாய்

இண்டெல் நிறுவனம் 1972-இல் பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. அன்று முதல் பாயான் லெப்பாஸ் சில்லுகளின் ஊராக வளர்ந்துவிட்டது. ஆனால் சில்லு எண்ணுவதைக் கண்ணால் கண்டவர் யார்? எண்ணும் வேலை கண்ணுக்குத் தெரிந்த காலமும் ஒன்று இருந்தது. அப்போது எண்ணியது டெக்கட்ரான் என்னும் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்.

இங்கிலாந்தில் 1951-இல் இயங்கத் தொடங்கிய ஹார்வெல் கணினியில் 828 டெக்கட்ரான்கள் இருந்தன. பழுதுபார்க்கப்பட்டு 2012-இல் அக்கணினி மீண்டும் உயிர்பெற்றது. என்னிடம் உள்ளது எரிக்சன் நிறுவனத்தின் ஜிசி10பி வகைக் குழாய். அதை மின்சுற்றில் இணைத்து ஓட்டிய அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

எப்படி எண்ணுகிறது?

குழாயின் நடுவில் வட்டத் தகடாக நேர்மின்வாய். அதைச் சுற்றி 30 மெல்லிய எதிர்மின்வாய்க் கம்பிகள். அவற்றுள் 10 முதன்மைக் கம்பிகள். 0 முதல் 9 வரையிலான எண்களுக்கு உரியவை. ஒவ்வொரு முதன்மைக் கம்பிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு வழிகாட்டிக் கம்பிகள். ஒரு நேரத்தில் ஒரு கம்பியில் மட்டுமே ஆரஞ்சு நிற ஒளிப்புள்ளி நிற்கும்.

முதல் வழிகாட்டியின் மின்னழுத்தத்தைச் சட்டென்று சுமார் 80 வோல்ட் கீழே இழுத்தால் ஒளி அதற்குத் தாவும். அருகிலுள்ள வாயு ஏற்கெனவே அயனியாகியிருப்பதால், தூரத்துக் கம்பிகளுக்குத் தாவாது. உடனே இரண்டாம் வழிகாட்டியை இழுத்து, பிறகு விட்டுவிட்டால், ஒளி அடுத்த எண்ணில் போய் அமரும். வரிசையை மாற்றி இழுத்தால் பின்னோக்கி எண்ணும்! ஒளி 0-க்கு வரும்போது அந்தக் கம்பியில் கிடைக்கும் துடிப்பை அடுத்த குழாய்க்குக் கொடுத்தால் பத்தாம் இடம் தயார்.

இணைக்கும்போது

இதற்கு 475 வோல்ட் நேர்மின்னோட்டம் வேண்டும். குழாய் எரியும்போது ஏறக்குறைய 190 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 285 வோல்ட்டை 820 கிலோ ஓம் மின்தடை தாங்கும், அதனால் 0.35 மில்லி ஆம்பியர் மட்டுமே ஓடும். இந்த மின்தடையைக் குழாயின் பிடிமானத்தை ஒட்டியே பற்றவையுங்கள். நீண்ட கம்பி வைத்தால் அதில் சேரும் மின்னூட்டம் எண்ணிக்கையைக் குழப்பும். வழிகாட்டிகளை இயக்க உயர் மின்னழுத்தம் தாங்கும் டிரான்சிஸ்டர்கள் இரண்டு போதும்.

சுவர் மின்சாரத்தை நேரடியாகத் திருத்தி எடுக்க வேண்டாம். 12 வோல்ட்டிலிருந்து உயர்த்தும் மாற்றியே நல்லது. அப்போதும் மின்தேக்கியில் ஆள்கொல்லி மின்னூட்டம் தங்கியிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும், மின்தடை வழியாக அதை வெளியேற்றி, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள். தனியாக இருக்கும்போது இவ்வேலையைச் செய்யாதீர்கள்.

நெடுநாள் ஒரே எண்ணில் நின்ற குழாய் அடுத்த எண்ணுக்கு நகரத் தயங்கும். அதை உடனே குப்பையில் போட வேண்டாம். சில நாள் தொடர்ந்து சுழலவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும்.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதையே துடிப்பாகக் கொடுத்தால் முதல் குழாயில் ஒளி நொடிக்கு 5 முறை சுற்றும். இரண்டாவதில் இரண்டு நொடிக்கு ஒரு முறை. பத்தால் வகுத்தல் என்று பாடநூலில் படித்தது கண்முன்னே நடக்கும். மின்னணுவியல் படிக்கும் தம்பி தங்கையர் ஒரு முறையாவது இதைப் பார்க்க வேண்டும். சில்லுக்குள் மறைந்து நடக்கும் வேலை என்னவென்று அப்போது விளங்கும்.