பொம்மைச் சிப்பாய் வீடியோ கேம் ஆன கதை

கோவண்டி ஸ்டேஷனில் இறங்கி சிவாஜி நகர், பைங்கன்வாடி பக்கம் நடந்தால் பங்கார் கடைகளைப் பார்க்கலாம். உடைந்த வாளி ஒரு குவியல். காலி டப்பா ஒரு குவியல். வயர், ஸ்விட்ச் இன்னொரு குவியல்.

இப்படிப்பட்ட குவியல்களில் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களும் வந்து சேருகின்றன. இடுப்பு கழன்ற பிளாஸ்டிக் சிப்பாய் ஒரு பக்கம். திரை கீறிய கையடக்க வீடியோ கேம் இன்னொரு பக்கம்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம் உண்டு. கடையில் பொம்மையாக விற்ற சிப்பாய்தான் பிறகு அந்தப் பெட்டிக்குள் புகுந்து துப்பாக்கி பிடித்தான். அவன் பெயர் ஜி.ஐ. ஜோ.

"பொம்மை என்று சொல்லாதே!"

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி 1964-ல் ஜி.ஐ. ஜோவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. உயரம் ஏறக்குறைய ஓர் அடி. கை, கால் மடங்கும். சட்டையைக் கழற்றி மாட்டலாம்.

பொம்மை என்றால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று கம்பெனி பயந்தது. ஆகவே "ஆக்ஷன் ஃபிகர்" என்று புதுப் பெயர் சூட்டியது. பெயர் பலித்தது. பையன்கள் வாங்கினார்கள்.

ஆனால் சுங்க அதிகாரிகள் விடவில்லை. வெளிநாட்டில் செய்து இறக்குமதியாகும் இந்தச் சிப்பாய், வரிக் கணக்கில் பொம்மையா, இல்லையா என்று வழக்கு நடந்தது. 1989-ல் அமெரிக்க மேல்முறையீட்டுக் கோர்ட்டு, "இது பொம்மைதான்" என்று தீர்ப்புக் கூறியது!

இதற்கிடையில், 1982-ல் சிப்பாய் சிறுத்துவிட்டான். ஓர் அடி ஆள் ஒன்பதரை சென்டிமீட்டர் ஆனான். சட்டைப் பைக்குள் அடங்கினான். கூடவே "கோப்ரா" என்ற எதிரிப் படையும் வந்தது. சிப்பாயை வாங்கியவன் எதிரியையும் வாங்க வேண்டும் அல்லவா?

இந்தச் சின்னச் சிப்பாயின் உடம்புக்குள் ஒரு ரப்பர் வளையம் உண்டு. மேல் உடம்பையும் காலையும் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். வளையம் அறுந்தால் ஆள் இரண்டாகிவிடுவான். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் புது வளையம் மாட்டினால் மறுபடியும் எழுந்து நிற்பான்.

சென்னை வழியாக வந்தான்

இந்தியாவுக்கு இவனைக் கொண்டு வந்ததில் சென்னைக்குப் பங்கு உண்டு.

1946-ல் திருவொற்றியூரில் மாமன் மாப்பிள்ளை ஒரு சிறிய கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். அந்தத் தொழில் வளர்ந்து எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆயிற்று. பலூனில் பிறந்த கம்பெனி, 1987-ல் ஹாஸ்ப்ரோவுடன் கூட்டுச் சேர்ந்து மீண்டும் விளையாட்டுச் சாமானுக்கே திரும்பியது. அதுதான் ஃபன்ஸ்கூல்.

ஃபன்ஸ்கூல் பல ஆண்டுகள் ஜி.ஐ. ஜோவை இந்தியாவிலேயே செய்து விற்றது. அமெரிக்கச் சிப்பாய்க்கு ஒரு நிறம் என்றால், இந்தியச் சிப்பாய்க்கு வேறு நிறம். அந்த நிற வேறுபாட்டுக்காகவே வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் இன்று இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். இங்கே எடைக்குப் போட்டது அங்கே கண்ணாடி அலமாரியில் இருக்கிறது!

பெட்டிக்குள் சண்டை

சிப்பாய் திரைக்குப் போனது புதிது அல்ல. 1983-லேயே அட்டாரி பெட்டியில் கோப்ராவுடன் மோதினான். ஆனால் அதற்கு டி.வி. வேண்டும்.

2004-ல் நின்டென்டோ டி.எஸ்., சோனியின் பி.எஸ்.பி. என்ற இரண்டு கையடக்கப் பெட்டிகள் பிறந்தன. டி.வி. வேண்டாம். ரெயிலில் நின்றபடியே ஆடலாம்.

2009 ஆகஸ்டில் "ஜி.ஐ. ஜோ: தி ரைஸ் ஆஃப் கோப்ரா" என்ற சினிமா வெளியாயிற்று. அமெரிக்காவில் அதே வாரத்தில், அதே பெயரில் துப்பாக்கிச் சண்டை கேமும் வந்தது. பெரிய பெட்டிகளோடு டி.எஸ்., பி.எஸ்.பி. இரண்டுக்கும் தனித்தனியே போட்டார்கள்.

விமர்சகர்கள் அதைப் புகழவில்லை. ஆனால் வியாபாரக் கணக்கு வேறு. சினிமா பார்த்தவன் கேம் கேட்பான். கேம் ஆடியவன் பொம்மை கேட்பான். பொம்மை வைத்திருப்பவன் சினிமாவுக்குக் கூப்பிடுவான். மூன்றுக்கும் பணம் கொடுப்பவர் ஒருவர்தான். அப்பா!

இன்றைய செலவு

அந்தக் கையடக்கப் பெட்டிகளின் காலம் முடிந்துவிட்டது. இப்போது சண்டை நடப்பது அப்பாவின் செல்போனில்.

பொம்மைக்கு ஒரு முறை பணம் கொடுத்தால் போதும். செல்போன் கேம் அப்படி அல்ல. முதலில் இலவசம் என்று வரும். பிறகு துப்பாக்கிக்கு ஒரு விலை, சட்டைக்கு ஒரு விலை என்று சில்லறையாகக் கேட்கும். 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. ஆனால் இந்த வகை கேம்கள் ஒழிந்துவிடவில்லை.

மாதச் சம்பளத்தில் வாடகையும், ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவது கொஞ்சம். அதுவும் பையனின் விரல் நுனியில் போய்விடக்கூடாது. செல்போனில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கலாம். அந்த எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருக்கலாம். இதற்குப் பெரிய படிப்பு தேவை இல்லை.

கடைசியில் எங்கே?

பழுதான பெட்டி கடைசியில் போய்ச் சேரும் இடம் குப்பை. கோவண்டியை ஒட்டிய தேவ்னார் குப்பை மேடு 1927 முதல் இருக்கிறது. 2016 ஜனவரியில் அது தீப்பிடித்து எரிந்தபோது, சுற்றுவட்டாரமே புகையில் மூச்சுத் திணறியது.

கையடக்க கேமிலும் செல்போனிலும் இருப்பது லித்தியம் பேட்டரி. நசுங்கினாலோ, ஆணி குத்தினாலோ தீப்பிடிக்கக்கூடியது. குப்பையைக் கையால் பிரிக்கும் தொழிலாளிக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பேட்டரி உப்பியிருந்தால் அதை வீட்டுக் குப்பையோடு போடக்கூடாது. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் தனியாகக் கொடுப்பதே சரி. விற்ற கம்பெனிக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று 2022-ம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் சொல்கின்றன.

திரைக்குள் இருக்கும் சிப்பாய் நூறு தடவை செத்தாலும், பொத்தானை அமுக்கினால் எழுந்து வருவான். குப்பை பிரிப்பவரின் கை வெந்தால் அப்படி வராது.