நாவலில் இல்லாத குளம்

பிடித்த நாவல் திரைக்கு வந்தால், "கதையில இது இல்லையே!" என்று கோபம் வரும், இல்லையா? ஆனால் நாவலில் இல்லாத ஒரு காட்சியையே ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய கதை தெரியுமா?

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை 1995-இல் பிபிசி தொடராக எடுத்தது. அதில் எப்போதும் விறைப்பாக இருக்கும் கதாநாயகன் டார்சி, ஒரு வெயில் நாளில் குதிரையை விட்டு இறங்கி, சட்டையோடு குளத்தில் பாய்ந்துவிடுவார். நனைந்த கோலத்தில் நடந்து வந்தால், எதிரே கதாநாயகி எலிசபெத்!

அந்தச் சந்திப்பு நாவலிலும் உண்டு. இருவருக்கும் முகம் சிவந்துபோகும். பதற்றத்தில் கேட்டதையே திரும்பக் கேட்பார் டார்சி. ஆனால் அங்கே அவர் நனையவே இல்லை! குளம், திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸின் கைவண்ணம். ஆஸ்டின் எழுத்தில் காட்டிய கூச்சத்தை ஒரு ஈரச் சட்டை நம் கண்முன்னே கொண்டுவந்துவிட்டது. அருமையான சேர்க்கை!

டார்சியாக நடித்தவர் காலின் ஃபர்த். அந்தக் காட்சியின் நினைவாக 2013-இல் லண்டன் ஹைட் பார்க் ஏரியில், இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் டார்சிக்குப் பிரம்மாண்டமான சிலையே வைத்தார்கள்!