நமக்கெல்லாம் தலைக்கனம் அதிகம்!



தலைப்பைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். நான் சொல்வது குணத்தை அல்ல, எடையை! வளர்ந்த மனிதனின் தலை சுமார் 5 கிலோ இருக்கும். அதை ஏழே ஏழு எலும்புகளும், அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும் நாள் முழுக்கத் தாங்குகின்றன. "எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்றார்கள் பெரியவர்கள். அந்தச் சிரசைச் சுமக்கும் கழுத்தை நாம்தான் மறந்துவிட்டோம்.

"மெக்கானிக்கல்காரன் எப்போடா டாக்டர் ஆனான்?" என்று கேட்பீர்கள். எல்லாம் பட்ட அனுபவம்தான். இரண்டாம் ஆண்டில் காலையில் டிராயிங் ஹால், மதியம் கம்ப்யூட்டர் லேப், ராத்திரி ரெக்கார்டு நோட்டு, இடையில் ரயிலில் செல்போன். மூன்று மாதமாக விடாத கழுத்து வலி. தைலம் தேய்த்தேன். நாள் கணக்கில் படுத்துக் கிடந்தேன். சலூனில் "நெட்டி எடுத்து விடுங்கண்ணே" என்று தலையைக் கொடுத்தேன். மடக்கென்று சத்தம் வந்தது, வலி போகவில்லை. கடைசியில் செமஸ்டர் தேர்வில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குனிய முடியாமல் பேப்பரைப் பாதியில் கொடுத்துவிட்டு வந்தேன். அரியர் விழுந்தது.

அதன் பிறகுதான் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் சொன்னது ஒரே வார்த்தை: "தம்பி, உன் கழுத்துக்கு ரெஸ்ட் வேண்டாம், வேலை வேணும்!"

ஏன் வலிக்கிறது?

முதலாண்டில் படித்த திருப்புத்திறன் ஞாபகம் இருக்கிறதா? எடையை தூரத்தால் பெருக்கு என்பார்களே, அதுதான் இங்கும். தலை நேராக இருந்தால் எடை நேரே கீழே, எலும்புத் தூணின் மேல் இறங்கும். குனிந்தால் எடை முன்னால் தள்ளிப்போகும். அது கவிழாமல் இருக்கப் பின்கழுத்துத் தசைகள் கிரேன் கம்பி மாதிரி இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுவிசையும் சேர்ந்து எலும்பை அழுத்தும். நியூயார்க்கைச் சேர்ந்த கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 2014-ல் கம்ப்யூட்டர் மாதிரி வைத்துக் கணக்குப் போட்டார். 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் சுமார் 12 கிலோ பாரம், 30 டிகிரியில் 18 கிலோ, 60 டிகிரியில் 27 கிலோ!

ஒரு நிமிடம் குனிவதால் தீங்கில்லை. மணிக்கணக்கில் அசையாமல் பிடித்திருப்பதுதான் கெடுதல். இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும், தசை களைத்துப் போகும், வலிக்கும். பலவீனமான தசை இன்னும் சீக்கிரம் களைக்கும். வலிக்கிறதே என்று அசைக்காமல் வைத்தாலோ, மாதக்கணக்கில் கழுத்துப் பட்டை போட்டாலோ தசை மேலும் பலவீனமாகும். இந்தச் சக்கரத்தை உடைப்பதுதான் உடற்பயிற்சி சிகிச்சை.

ஆதாரம் உண்டா?

உண்டு. 2003-ல் பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி உள்ள 180 பெண் அலுவலக ஊழியர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஓராண்டு பார்த்தார்கள். நடைப்பயிற்சி போன்றவற்றையும் தசை நீட்டும் பயிற்சியையும் மட்டும் செய்தவர்களைவிட, கழுத்துத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. ரப்பர் பட்டையால் பயிற்சி செய்த குழுவில், தலையை முன்னால் தள்ளும் பலம் 110 சதவீதம் கூடியிருந்தது.

"அதுக்கெல்லாம் நேரம் ஏதுப்பா?" என்பவர்களுக்கு டென்மார்க் பதில் சொன்னது. 2011-ல் வெளியான ஆய்வில் 198 பேர் கலந்துகொண்டார்கள். ரப்பர் குழாயை மிதித்துக் கைகளைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சி, வாரம் 5 நாள், 10 வாரம். தினம் 12 நிமிடம் செய்தவர்களுக்கும் வலி குறைந்தது. வெறும் 2 நிமிடம் செய்தவர்களுக்கும் குறைந்தது! முழுசாகப் போய்விட்டது என்று சொல்லவில்லை. குறைந்தது, அதுதான் உண்மை.

நாம் செய்ய வேண்டியது

1. தாடை இழுத்தல்: நேராக உட்கார்ந்து, தலையைக் குனியாமல் தாடையை மட்டும் பின்னுக்கு இழுங்கள். 5 விநாடி நிறுத்தி விடுங்கள். 10 முறை.

2. கை எதிர்ப்பு: உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ளுங்கள், கை விட்டுக்கொடுக்கக் கூடாது, தலை அசையக் கூடாது. 5 விநாடி. இதே போல பின்பக்கம், இடம், வலம். ஒவ்வொன்றும் 5 முறை. மூச்சைப் பிடிக்காதீர்கள்.

3. தோள்பட்டை சேர்த்தல்: இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று நெருக்குங்கள். 5 விநாடி, 10 முறை.

4. கை தூக்கல்: இரண்டு கையிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். பக்கவாட்டில் தோள் உயரம் வரை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். 2 நிமிடம்.

முதல் வாரம் கொஞ்சம் உடம்பு வலி இருக்கும், பயப்பட வேண்டாம். சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிடுங்கள். நம் பக்கத்து ஊர் திருத்தணி மலைக்கு 365 படி. முதல் படியிலேயே ஓடினால் பாதியில் உட்கார வேண்டியதுதான். அதே மாதிரி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையையோ எடையையோ சிறிது கூட்டுங்கள். டிராயிங் ஹாலிலும் லேபிலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். போனைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். கண்ணைப் போனுக்குத் தாழ்த்தாதீர்கள்.

எச்சரிக்கை!

கை மரத்துப் போதல், பிடிமானம் குறைதல், நடை தள்ளாடுதல், காய்ச்சலோடு கழுத்து இறுகுதல், விழுந்து அடிபட்ட பின் வரும் வலி இவற்றுக்குப் பயிற்சி வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சலூன் நெட்டியும் வேண்டவே வேண்டாம். கழுத்தைத் திடீரென்று திருகினால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வர வாய்ப்புண்டு. நான் தப்பித்தது அதிர்ஷ்டம்.

முடிவாக...

அரக்கோணத்திலிருந்து சென்னைக்குக் காலை மின்சார ரயிலில் போய்ப் பாருங்கள். ஏறத்தாழ 70 கிலோமீட்டரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டே வருபவர்கள் எத்தனை பேர்! நாளை நாமும் அதே ரயிலில் வேலைக்குப் போகப் போகிறவர்கள்தான். எனக்கு வலி அடியோடு போக நான்கு மாதம் ஆனது. அரியரையும் எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். இன்றும் தினம் பாட்டிலைத் தூக்குகிறேன், ஏனென்றால் விட்டால் தசை மறுபடியும் பழைய கதைதான்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். கழுத்து நின்றால்தான் டிராயிங் ஷீட்! இந்த மலரை மூடி வைத்துவிட்டு, முதலில் தாடையைப் பின்னுக்கு இழுங்கள் பார்ப்போம்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு