படம் எடுக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்

“அண்ணா, பாட்டி அட்சதை போட்ட படம் மட்டும் காணோமே?”

திருமணம் முடிந்து பத்து நாள் கழித்து மணப்பெண் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வி இது. அந்தப் படத்தை நான் எடுத்திருந்தேன். சக்கர நாற்காலியில் வந்த பாட்டியை இரண்டு பேர் கைத்தாங்கலாக மணமேடைக்கு அழைத்து வந்தார்கள். நடுங்கும் கையால் அவர் அட்சதை தூவியதை ஏழெட்டு முறை எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டபோது அந்த மெமரி கார்டு திறக்கவில்லை. மீட்பு மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். கடையில் கொடுத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 40 நிமிடக் காட்சிகள் போனது போனதுதான்.

அப்போது என் கேமராவில் ஒரு கார்டு போடத்தான் இடமிருந்தது. அது முதல் தவறு. இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. தெரிந்த குடும்பம் என்பதால் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. படம் தொலைந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, எவ்வளவு தர வேண்டும் என்று யாரும் பேசியதே இல்லை. கேட்க மணப்பெண்ணின் அப்பாவுக்குச் சங்கடம். நானாகச் சொல்ல எனக்குப் பயம். மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டுப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு தீபாவளி வாழ்த்துகூட வந்ததில்லை.

சிங்கப்பூரில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரராக இருக்கிறேன். புதிதாக இத்தொழிலுக்கு வரும் இளையர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான். லென்ஸைப் பற்றி இணையத்தில் நிறையக் கிடைக்கும். அங்கு எளிதில் கிடைக்காத சிலவற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். திருமணத்துக்குப் படக்காரரைத் தேடும் குடும்பங்களுக்கும் இவை உதவும்.

ஒரு நாள் வேலைக்குப் பின்னால்

“ஒரு நாள் வேலைதானே தம்பி, எதுக்கு இவ்வளவு கேக்குறீங்க?” என்று பலர் கேட்பார்கள். அவர்கள் மீது தவறில்லை. அவர்கள் கண்ணில் படுவது அந்த ஒரு நாள்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. திருமணத்துக்கு 1,200 வெள்ளி பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை முகூர்த்தம் முதல் மாலை விருந்து வரை 10 மணி நேரம். எடுத்த படங்கள் 2,500. அவற்றில் 600 படங்களைத் தேர்ந்தெடுக்க 5 மணி நேரம். நிறமும் வெளிச்சமும் சரிசெய்ய 15 மணி நேரம். முன்கூட்டியே குடும்பத்தைச் சந்திப்பது, ஆல்பம் வடிவமைப்பது, “இந்தப் படத்துல மாமாவைக் கொஞ்சம் வெட்டிடுங்க” என்ற திருத்தங்கள் எல்லாம் சேர்ந்து இன்னொரு 6 மணி நேரம். மொத்தம் 36 மணி நேரம்.

உதவியாளருக்கு 200 வெள்ளி, டாக்சிக்கு 60 வெள்ளி, மென்பொருள் சந்தா, ஹார்ட் டிஸ்க், காப்புறுதி என்று ஒரு 100 வெள்ளி. மீதி 840 வெள்ளி. அதாவது மணிக்கு 23 வெள்ளிதான். கேமரா தேய்மானம் இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதுவரை பக்கத்துப் படக்காரர் கேட்பதைவிட 100 வெள்ளி குறைத்துக் கேட்பதுதான் என் விலைக்கொள்கை. நிறைய வேலை வந்தது, கையில் காசு நிற்கவில்லை. உங்கள் விலையை உங்கள் மணிநேரத்திலிருந்து தொடங்குங்கள்.

கோயிலில் நிற்கும் இடம்

தாலி கட்டும் காட்சி சில விநாடிகளில் முடிந்துவிடும். கெட்டிமேளம் முழங்கியதும் ஐயர் குனிவார், நாத்தனார் முடிச்சுப் போட முன்னே வருவார், சுற்றி நிற்கும் உறவினர்கள் அத்தனை பேரும் கைத்தொலைபேசியை உயர்த்துவார்கள். அந்த நேரத்தில் இடம் தேடினால் கிடைக்காது.

திருமணத்துக்கு முதல் வாரம் அதே நேரத்தில் கோயிலுக்குப் போய் வெளிச்சத்தைப் பாருங்கள். எங்கே நிற்கலாம், எங்கே படம் எடுக்கக்கூடாது என்று கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். கருவறையைப் படம் எடுக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. மற்றக் கட்டுப்பாடுகள் கோயிலுக்குக் கோயில் மாறும். சடங்கு தொடங்குமுன் ஐயரிடம் ஒரு நிமிடம் பேசி, தாலி எடுத்துக் கொடுக்கும்போது அவர் எந்தப் பக்கம் இருப்பார் என்று தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்தை விலக்கும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். மணப்பெண்ணின் அண்ணனையோ மாமாவையோ சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால் யாருக்கும் கோபம் வராது.

ஹோமத் தீ ஒரு நிறம், குழல்விளக்கு ஒரு நிறம், வீடியோக்காரரின் எல்இடி விளக்கு வேறொரு நிறம். ஒரே முகத்தில் மூன்றும் விழும். ஜேபெக் கோப்பாக எடுத்தால் பிறகு சரிசெய்வது கடினம். அதனால் ரா கோப்பாக எடுத்துவிடுங்கள்.

மூன்று பிரதிகள்

பாட்டியின் படம் போன பிறகு நான் செய்த முதல் காரியம், இரண்டு கார்டு போடும் கேமரா வாங்கியது. ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், குளிப்பதற்கு முன் கணினியில் நகல் எடுத்துவிடுவேன். பொதுவாகச் சொல்லப்படும் விதி இது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. எனக்குக் கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. ஆல்பம் கைமாறும் வரை கார்டுகளை அழிப்பதில்லை.

கார்டு எப்போதாவது பிழை காட்டினால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். அதிலேயே தொடர்ந்து படம் எடுத்தால் மீட்கக்கூடிய படங்களின் மேல் புதியவை பதிந்துவிடும்.

“நம்ம பையன்தானே”

நம் சமூகத்தில் பெரும்பாலான வேலை சொந்தம், நட்பு, கோயில் பழக்கம் வழியாகத்தான் வருகிறது. அது பெரிய பலம். விளம்பரச் செலவே இல்லை. ஆனால் பழக்கம் இருக்கும் இடத்தில் பணத்தைப் பற்றிப் பேச நாக்கு எழாது. “நம்ம பையன்தானே, பார்த்துச் செய்வான்” என்று அவர்கள் நினைக்கிறார்கள். “தெரிந்தவர்கள்தானே, பார்த்துத் தருவார்கள்” என்று நாம் நினைக்கிறோம். இரண்டு நினைப்பும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

இப்போது என் தம்பி முறை உள்ளவருக்குக்கூட ஒரு பக்க ஒப்பந்தம் அனுப்புகிறேன். அதில் இருப்பவை இவை:

• தேதி, இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம். கூடுதல் நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு.

• எத்தனை படங்கள், எந்த வடிவில், எத்தனை வாரத்தில். ரா கோப்புகள் தரப்படுமா இல்லையா.

• எத்தனை முறை திருத்தம் இலவசம்.

• கட்டணம். நான் முன்பதிவுக்கு 30 விழுக்காடும் திருமணத்துக்கு முந்திய வாரம் 50 விழுக்காடும் படம் கொடுக்கும்போது மீதியும் வாங்குகிறேன்.

• தேதி மாறினால், திருமணம் நின்றால், எனக்கு உடம்பு முடியாமல் போனால், படம் தொலைந்தால் என்ன செய்வது.

கடைசி வரியைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கும். நல்ல காரியத்தின்போது கெட்டதைப் பேசலாமா என்று தோன்றும். எழுதி அனுப்பிவிட்டால் பேச வேண்டிய அவசியமே வராது. இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. “முறையா செய்றீங்க” என்று பாராட்டியவர்கள்தான் உண்டு.

பணம் வராமலே போனால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை, அது விசாரிக்கும். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. நீங்களே பேச வேண்டும். அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த ஒரு பக்கம்தான்.

படம் யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்விக்கான விடை அண்மை ஆண்டுகளில் மாறிவிட்டது. முன்பெல்லாம் பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்கே பதிப்புரிமை போய்ச் சேர்ந்தது. 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்தபின், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், படம் எடுத்த ஃப்ரீலான்ஸ் கலைஞரே முதல் உரிமையாளர். படத்தைப் பொதுவில் பயன்படுத்தும்போது எடுத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையையும் அச்சட்டம் தருகிறது. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எடுத்த படங்கள் பொதுவாக முதலாளிக்கே சேரும்.

“வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால்” என்பதைக் கவனியுங்கள். நிறுவனங்கள் அனுப்பும் ஆவணத்தில் பதிப்புரிமை முழுவதும் தங்களுக்கே என்று ஒரு வரி இருக்கலாம். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஒப்புக்கொண்டால் அதற்கேற்ற விலை கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் ஆண்டு விருந்தில் நான் எடுத்த படம் அடுத்த ஆண்டு அவர்களின் விளம்பரப் பதாகையில் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். யாரைக் குறை சொல்வது?

திருமணப் படங்களில் இன்னொரு பக்கமும் உண்டு. உரிமை நம்மிடம் இருந்தாலும் படத்தில் இருப்பது வேறொருவர் வீட்டு நல்லநாள். இன்ஸ்டகிராமில் எந்தப் படங்களைப் போடலாம் என்று மணமக்களிடம் கேட்டு, அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆடி மாதமும் மெடிசேவும்

ஆவணியிலும் தையிலும் ஒரே முகூர்த்த நாளுக்கு மூன்று குடும்பங்கள் கூப்பிடும். ஆடியிலும் மார்கழியிலும் தொலைபேசி ஒலிக்காது. மார்கழியை நிறுவனங்களின் ஆண்டிறுதி விருந்துகள் ஓரளவு ஈடுகட்டும். ஆடிக்குத்தான் முன்கூட்டியே தயாராக வேண்டும். தையில் வந்த பணத்தில் ஒரு பங்கை ஆடிக்கென்றே தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன்.

சுயதொழில் செய்வோருக்கு முதலாளி தரும் மத்திய சேமநிதிச் சந்தா கிடையாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் மெடிசேவ் கணக்குக்குக் கட்டாயம் செலுத்த வேண்டும். மற்றக் கணக்குகளுக்கு நாமாக விரும்பிப் போட்டால்தான் உண்டு. அப்படிப் போடாவிட்டால் வீட்டுக் கடன் தவணையை மாதாமாதம் ரொக்கமாகக் கட்ட நேரிடும். முப்பது வயதில் வீடு வாங்கப் போகும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது.

வருமான வரிக் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 18க்குள் இணையத்தில் தாக்கல் செய்யவேண்டும். ரசீதுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கையில் வாங்கிய ரொக்கத்தைக் காட்டாமல் விடுவது சட்டப்படி குற்றம். அதோடு, கடன் கேட்கும்போது வங்கி பார்ப்பது வரிக் கணக்கில் உள்ள வருமானத்தைத்தான். காட்டாத வருமானத்துக்குக் கடன் கிடைக்காது.

கடைசியாக

படக்காரரைத் தேடும் குடும்பங்களே, விலையைக் கேட்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கேமராவில் இரண்டு கார்டு பதிவாகுமா? உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் வருவார்? ஒப்பந்தம் அனுப்புவீர்களா? தயங்காமல் பதில் சொல்பவருக்கு 200 வெள்ளி கூடக் கொடுக்கலாம்.

தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளே, முதல் வேலைக்கு இரவல் கேமரா போதும். ஆனால் அந்த ஒரு பக்க ஒப்பந்தத்தை முதல் வேலையிலேயே தொடங்கிவிடுங்கள்.

அந்தப் பாட்டி அடுத்த ஆண்டு காலமானார். மணப்பெண் எனக்குச் செய்தி அனுப்பி, ஒருவேளை எங்காவது அந்தப் படம் இருக்குமா என்று மீண்டும் கேட்டார். பழுதான கார்டை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு திருமணத்துக்கும் கிளம்புமுன் அந்த இழுப்பறையைத் திறந்துதான் புதுக் கார்டுகளை எடுக்கிறேன்.