சட்டகமும் முற்றமும்: புனேயின் வாடா மாளிகைகள்

புனே நகரின் பழைய பகுதிகளான பேட்டைகளில், மராத்தியப் பேரரசின் முதலமைச்சர்களான பேஷ்வாக்கள் ஆண்ட 18ஆம் நூற்றாண்டில் செழித்து வளர்ந்த பெரிய முற்றத்து வீடுகளை மராத்தியர் ‘வாடா’ என்று அழைக்கின்றனர். ஆட்சியாளரின் அரண்மனை முதல் வணிகர், கணக்கர் ஆகியோரின் கூட்டுக்குடும்ப இல்லம் வரை இவை அளவில் வேறுபட்டிருந்தாலும், தெருவுக்கு முதுகைக் காட்டி முற்றத்தை நோக்கி வாழும் ஒரே கட்டட இலக்கணத்தையே பின்பற்றின.

தெருவோரம் தடித்த சுவரும் பெருங்கதவும் அமைய, அக்கதவிலேயே ஒருவர் குனிந்து நுழையும் அளவிலான திட்டிவாசல் ஒன்று இருக்கும். மராத்தியில் அது ‘திண்டி’ எனப்படுகிறது. அதைக் கடந்தால் காவலர் அமரும் ‘தேவடி’யும், பின்னர் ‘சௌக்’ எனப்படும் திறந்த முற்றமும் வரும். முற்றத்தைச் சூழ்ந்த தாழ்வாரமான ‘ஓசரி’யில் விருந்தினரை வரவேற்பதும் கணக்கு வழக்குகளைப் பார்ப்பதும் நடைபெற, அதற்கும் உள்ளே ‘மாஜ்கர்’ என்னும் நடுவீடும் பூசையறையும் சமையலறையும் குடும்பத்தாருக்கென ஒதுங்கி நின்றன. தஞ்சை, செட்டிநாட்டு வீடுகளை அறிந்த தமிழருக்கு இந்த வரிசைமுறை அந்நியமாகத் தோன்றாது.

வாடாவின் உறுதி அதன் மரச் சட்டகத்தில் இருக்கிறது. கருங்கல் பீடத்தின் மேல், கற்பாதங்களில் ஊன்றிய தேக்குத் தூண்களும் போதிகைகளும் உத்திரங்களும் மேல்தளத்தின் பாரத்தைச் சுமப்பதால், இடையே எழும் செங்கற் சுவர்கள் பெரும்பாலும் தடுப்புகளாகவே பயன்படுகின்றன; இரு தூண்களுக்கு இடைப்பட்ட தூரமான ‘கண்’ என்பதைக் கொண்டே அறைகள் அளக்கப்பட்டன. சட்டகம் நிலைத்திருக்கும் வரை தடுப்புகளை மாற்றிக் கட்டடத்தைப் புதிய தேவைக்குப் பொருத்திக்கொள்ள இம்முறை இடமளிக்கிறது.

பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய விஷ்ராம்பாக் வாடா இதற்குச் சிறந்த சான்று. சைப்ரஸ் மரத்தின் வடிவைத் தழுவிய ‘சுரு’ தூண்களும் நுண்ணிய செதுக்கு வேலை கொண்ட மரமாடமும் அதன் முகப்பை அணிசெய்கின்றன. 1818இல் பேஷ்வா ஆட்சி முடிந்தபின், 1821இல் அங்கே சமஸ்கிருதக் கல்லூரி தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் அதே கூரையின்கீழ் இயங்கின. நாராயண் பேட்டையில் திலகர் வாங்கிய வாடா, அவருடைய ‘கேசரி’ இதழின் இல்லமாகிக் கேசரி வாடா என்றே பெயர் பெற்றது.

எனினும் மரத்தின் பலமே அதன் பலவீனமும் ஆயிற்று. 1732இல் குடிபுகுவிழா கண்ட, பேஷ்வாக்களின் அரண்மனையான சனிவார் வாடாவின் உட்கட்டடங்கள் 1828ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தன. கற்பீடங்களும் மதிலும் வாயில்களுமே எஞ்சின. விஷ்ராம்பாக்கின் ஒரு பகுதியும் 1879இல் எரிந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. 1961இல் பான்ஷேத் அணை உடைந்து பெருகிய வெள்ளம் ஆற்றோர வாடாக்கள் பலவற்றைச் சாய்த்தது. இவற்றுக்குத் தப்பியவற்றையும் வாரிசுப் பங்கீடும், பழுதுபார்க்கப் போதாத குறைந்த வாடகையும், மனைவிலை ஏற்றமும் அடுக்குமாடிகளாக மாற்றி வருகின்றன. ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் 1848இல் பெண்கள் பள்ளியைத் தொடங்கிய பிடே வாடாகூடச் சிதைந்த நிலையில் 2023இல் இடிக்கப்பட்டு, அவ்விடம் நினைவகத்துக்கென ஒதுக்கப்பட்டது.

இந்த வரலாறு பாதுகாப்புக்கான வழியையும் காட்டுகிறது. முகப்பை மட்டும் நிறுத்தி உட்புறத்தைக் கான்கிரீட்டால் நிரப்புவது வாடாவைக் காப்பதாகாது. சட்டகத்தையும் முற்றத்தையும் காத்து, நூலகமோ பள்ளியோ தங்குமிடமோ அங்கே இயங்கச் செய்து, அந்த வருவாயிலேயே மரத்தைப் பேணுவதுதான் அதன் இயல்புக்கு ஏற்றது. ஆட்சிகள் மாறியபோதும் விஷ்ராம்பாக் நிலைத்ததற்கு, ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஒரு வேலையைக் கொடுத்துவந்தது ஒரு முக்கியக் காரணம். எஞ்சியுள்ள வாடாக்களுக்கும் அத்தகைய வேலையைத் தேடித் தருவது புனே நகரின் கடமை.