காது ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்...

காதில் சீழ் வடிந்தால் பஞ்சை அடைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறவர்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் உண்டு, திருவள்ளூர்ப் பக்கத்துப் பட்டறைகளிலும் உண்டு. வலி இல்லையே என்று வருடக்கணக்கில் விட்டுவிட்டால், சிலருக்கு உள்ளே கொலஸ்டியாட்டோமா என்ற தோல்திரள் வளர்ந்து எலும்பை அரிக்கும். அதைச் சொட்டு மருந்தால் தீர்க்க முடியாது, ஆபரேஷன்தான் வழி. அப்போது நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தில் ‘முக நரம்பு பாதிக்கப்படலாம்’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஆபத்து எங்கே?

கண்ணை மூடுவதும் வாயைக் குவிப்பதும் முக நரம்பின் வேலை. மூளையிலிருந்து முகத்துக்கு வரும் வழியில் அது சுமார் 3 செ.மீ. நீள எலும்புக் குழாய்க்குள் நடுச்செவியைக் கடக்கிறது. இந்தக் குழாய் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. அங்கவடி எலும்புக்கு மேலே உள்ள பகுதியில் பலருக்குப் பிறவியிலேயே எலும்பு மூடாமல் நரம்பு திறந்து கிடக்கும். 500-க்கும் மேற்பட்ட பொட்டெலும்புகளை நுண்ணோக்கியில் பார்த்து 1971-ல் வெளியான ஆய்வொன்று, பாதிக்கு மேற்பட்டவற்றில் இப்படிப்பட்ட இடைவெளியைக் கண்டது. அரிதாகச் சிலருக்கு நரம்பு வழிமாறி ஓடும், அல்லது இரண்டாகப் பிரியும். காது மடல் சரியாக வளராத குழந்தைகளிடம் இது அதிகம். சீழும் கொலஸ்டியாட்டோமாவும் இருக்கிற எலும்பையும் அரித்துவிடும்.

மருத்துவரிடம் கேளுங்கள்

- காது எலும்பின் சி.டி. ஸ்கேனில் நரம்பின் பாதை எப்படித் தெரிகிறது? (மிகச் சிறிய இடைவெளிகள் ஸ்கேனில் தப்பிவிடலாம்.)
- ஆபரேஷனின்போது நரம்பைக் கண்காணிக்கும் மானிட்டர் உண்டா?
- அதே காதில் முன்பு ஆபரேஷன் நடந்திருந்தால், அந்தக் குறிப்புகளைப் பார்த்தீர்களா?

முகம் கோணினால்

மரப்பு ஊசியால் சில மணி நேரம் முகம் தளர்வது உண்டு. அது தானே சரியாகும். அதற்கு மேலும் நீடித்தால், அல்லது வீடு திரும்பிய பிறகு வாய் ஒருபக்கம் இழுத்தால், அன்றே ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் போங்கள். நாட்டு மருந்து, புறா ரத்தம் என்று நாளைக் கடத்தாதீர்கள். சில நாள் கழித்து வருவது பெரும்பாலும் வீக்கத்தால், மருந்திலேயே சரியாகும். மயக்கம் தெளிந்ததுமே முழுவதும் செயலிழந்திருந்தால் மீண்டும் திறந்து பார்க்க வேண்டி வரலாம். மூடாத கண் காய்ந்து புண்ணாகும். பகலில் சொட்டு மருந்தும் இரவில் களிம்பும் டேப்பும் தேவை.

சட்டம் என்ன சொல்கிறது?

சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, முக்கிய ஆபத்துகள் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று சமீரா கோஹ்லி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ் தெரியாத ஒடிசா, பீகார் தொழிலாளிக்கும் அவருக்குப் புரிகிற மொழியில்தான் சொல்ல வேண்டும். மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி.

முகம் கோணிய ஒரே காரணத்தால் மருத்துவர் தவறிழைத்தார் என்று ஆகிவிடாது. கவனமாகச் செய்தாலும், இயல்புக்கு மாறான குழாய் ஏமாற்றிவிடும். ஆபத்தைச் சொல்லாமல் விட்டதும், செய்ய வேண்டிய பரிசோதனையைச் செய்யாததும், பாதிப்பு தெரிந்தும் காலம் கடத்தியதும்தான் கேள்விக்குரியவை. அப்படியானால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் போகலாம். இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவருக்கும் இந்த உரிமை உண்டு என்பது கிஷோர் லால் வழக்கில் 2007-ல் வந்த தீர்ப்பு: சம்பளத்தில் பிடித்தம் போகிறது, ஆகவே அது இலவச சிகிச்சை அல்ல. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம்.

சீழ் வடியத் தொடங்கியதுமே காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டால், பெரும்பாலோருக்கு இந்தப் படிவம் வரை போகவே நேராது.