பூட்டு வேறு, காவல் வேறு

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் தவறாது அழைத்துச் செல்லும் இடங்களுள் சனிவார் வாடாவும் ஒன்று. 1732-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பேஷ்வா அரண்மனையின் தில்லி தர்வாஜா இன்றும் கம்பீரமாக நிற்கிறது. யானையைக் கொண்டு முட்டினாலும் திறவாதிருக்கும்பொருட்டு அதன் கதவுகளில் இரும்புக் கூர்முனைகளைப் பதித்திருக்கிறார்கள். கதவு இருக்கிறது, மதில் இருக்கிறது. அவை காத்த மாளிகைதான் இல்லை. 1828 பிப்ரவரி 27-ஆம் நாள் பற்றிய தீ ஏழு நாட்கள் எரிந்து, உள்ளிருந்த மரக் கட்டடங்களையெல்லாம் உண்டுவிட்டது.

காவல் என்றவுடன் நம் மனம் திருடனையே நினைக்கிறது. மதுரைக்காஞ்சியில் நள்ளிரவில் சுற்றிவரும் ஊர்க்காவலர் தேடுவதும் கள்வரைத்தான். தென்பாண்டிச் சீமையின் பழைய காவல் முறையில், களவுபோன பொருளை மீட்டுத் தருவது, இயலாவிடில் ஈடு கொடுப்பது காவற்காரரின் கடமை. மராத்திய நாட்டில் ராமோஷியரும் இதே பொறுப்பை ஏற்றிருந்தனர். நல்ல ஏற்பாடுதான், ஆனால் போன பொருளுக்கு ஈடு உண்டு, போன உயிருக்கு ஏது?

இதை இப்போது எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். பிழைப்புத் தேடி வரும் இளைஞர்கள், வேலை பார்க்கும் கடையிலேயே இரவில் படுத்துறங்குவது நம் நகரில் நெடுநாளைய வழக்கம். வாடகை மிச்சம் என்று பையன் மகிழ்கிறான். சரக்குக்குச் சம்பளமில்லாத காவல் கிடைத்ததென்று முதலாளி மகிழ்கிறார். 2016 டிசம்பர் 30-ஆம் நாள் அதிகாலையில் கொந்த்வாவில் ஒரு பேக்கரி தீப்பற்றியது. உள்ளே உறங்கிய 6 தொழிலாளர் இறந்தனர். கதவு வெளிப்புறமாகப் பூட்டப்பட்டிருந்தது. இரண்டரை ஆண்டுகள் கழியுமுன், 2019 மே 9 அதிகாலையில், உருளி தேவாச்சியில் ஒரு சேலைக் கடையில் 5 தொழிலாளர் அவ்வாறே மாண்டனர், அங்கும் வெளிப்பூட்டு. 2023 ஆகஸ்ட் 30-ஆம் நாள் சிஞ்ச்வட் பூர்ணா நகரில், மின்சாமான் கடைக்குள்ளேயே குடியிருந்த கணவன், மனைவி, இரு புதல்வர் ஆகிய நால்வரும் விடியுமுன் தீக்கு இரையாயினர்.

இத்தகைய இடங்களில் நெருப்பைவிடப் புகையே முதல் எதிரி. துணியும் பிளாஸ்டிக்கும் எரிகையில் எழும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குகிறவர் விழிக்குமுன்பே மயங்கிவிடக் கூடும். விழித்துக்கொண்டாலும் கிடைக்கும் அவகாசம் சில நிமிஷங்களே. அந்த நிமிஷங்களில் சாவி எங்கோ உறங்கும் முதலாளியின் தலையணைக்கடியில் இருந்தால் என்ன பயன்? 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் வெந்து மடிந்ததைத் தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டோம். வெளிப்பூட்டும் ஒருவகைச் சங்கிலியே.

ஆகவே, மகனையோ தம்பியையோ கடை வேலைக்கு அனுப்பும் குடும்பத்தார் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும்: இரவில் சாவி யார் கையில்? உள்ளிருந்து திறக்கும் வழி இல்லையென்றால் அங்கே படுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாம். முதலாளி கோபிப்பார். கோபிக்கட்டும்.

இனி, சம்பளம் கொடுத்து வைக்கும் காவலைப் பார்ப்போம். இன்று ஏறக்குறைய எல்லாக் குடியிருப்புச் சங்கங்களும் தனியார் காவல் நிறுவனங்களையே நாடுகின்றன. 2005-ஆம் ஆண்டின் மத்திய சட்டப்படி அந்நிறுவனங்கள் அரசாங்க உரிமம் பெற வேண்டும். காவலருக்கு வகுப்பில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமும் பயிற்சி தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு மாதிரி விதி. தீயணைப்பும் அப்பாடங்களுள் ஒன்று. ஆனால் நம் வாசல் காவலரைக் கேட்டுப் பாருங்கள். வருகிற வண்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்பார். மின்சார மெயின் சுவிட்ச் எங்கே, தண்ணீர்க் குழாயின் வால்வு எங்கே, மொட்டைமாடிச் சாவி எங்கே என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் கண்ணயர்ந்தார் என்று கூட்டத்தில் குற்றம் சாட்டுவதும் நாமே.

ரயில்வேயில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மழைக்கால இரவில் பாதையைக் காக்கும் ரோந்துத் தொழிலாளி, தன் எல்லைவரை நடந்து, எதிரே வரும் தோழருடன் ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்வார். ஸ்டேஷனில் நேரம் குறித்துக் கையெழுத்தாகும். அவர் நடந்ததற்கு அதுவே சாட்சி. குடியிருப்புக்கும் இவ்வளவு போதும்: மீட்டர் அறை, வண்டிகள் சார்ஜ் ஏறும் இடம், மாடிப்படி ஆகியவற்றில் ஒவ்வொரு சீட்டு, மணிக்கொரு கையெழுத்து. மாடிப்படியின் கீழ் பழைய மெத்தையும் சைக்கிளும் அடைத்து வைத்திருப்பவர் அதிகாரமுள்ள அங்கத்தினராக இருந்தாலும் காவலர் எழுதி வைக்கலாம் என்று சங்கம் துணை நிற்க வேண்டும்.

வெல்டிங் வேலை நடக்கும் நாளில் தனியாக ஓர் ஆள் தேவை. பொறி பறந்து மரத்தூளிலோ பஞ்சிலோ புதைந்து, வேலைக்காரர் போன பிறகே கனன்று எழும். வேலை முடிந்தபின் அரை மணி நேரம் காத்திருந்தால் போதுமென்றிருந்த அமெரிக்கத் தரவிதி, 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு மணி நேரமாக உயர்ந்தது. நம் ஊரில் வெல்டர் கூலியை வாங்கியவுடன் எல்லோரும் கலைந்துவிடுகிறோம்.

மகாராஷ்டிரத்தின் 2006-ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டம், தனக்குட்பட்ட கட்டடங்களில் தீயணைப்புச் சாதனங்களைச் செவ்வனே வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர் மீதும் குடியிருப்பவர் மீதும் சுமத்தியிருக்கிறது. ஜனவரியிலும் ஜூலையிலும் உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும். சங்கக் காரியதரிசியிடம் அதைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு இன்னொரு சங்கடம்: பாஷை. தீயணைப்பு நிலையத்துக்கு 101, அவசர உதவிக்கு 112 என்று எண் தெரிந்திருந்தும், பதற்றத்தில் இடத்தைச் சொல்ல வாய் எழாது. “இத்தே ஆக் லாக்லி ஆஹே” என்றால் இங்கே தீப்பற்றியிருக்கிறது என்று பொருள். அதன் கீழே வீட்டு எண், சொசைட்டியின் பெயர், பேட்டை, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி ஆகியவற்றைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பகலில் தனியாக இருக்கும் பாட்டிமாரும் இரண்டொரு முறை உரக்கப் படித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.